‘அடித்தான்’ என்னும் ஒரு சொல்: தாக்குதல் குற்றங்களை நம் நாட்டுச் சட்டம் வகுத்துள்ள முறை



மொழியியல் பயின்ற ஒருவர் குற்றவியல் சட்டத்தைப் பற்றிப் பேச வருவது ஏன் என்று சிலர் எண்ணக்கூடும். சட்டம் சொற்களால் ஆனது. அதிலும் குற்றவியல் சட்டத்தில் ஒரு சொல்லின் பொருள் சற்று நகர்ந்தால் ஒருவருடைய வாழ்நாளில் சில ஆண்டுகள் நகர்ந்துவிடும். என்னிடம் முன்னர்ப் படித்த மாணவி ஒருவர் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றுகிறார். சில ஆண்டுகளுக்கு முன் அவர் சொன்ன நிகழ்ச்சியே இச்சொற்பொழிவுக்குத் தூண்டுதலாக அமைந்தது.

கைகலப்பு வழக்கொன்றில் சாட்சி சொல்ல வந்தவர், “வாய்த் தகராறு முத்திப்போச்சுங்க, அவன் என்னை வயித்துல குத்திட்டான்” என்றார். மொழிபெயர்ப்பாளர் அதனை மலாயில் சொல்ல வேண்டும். கை முட்டியால் குத்துவதற்கு மலாயில் ‘மெனும்புக்’ என்பர்; கூரிய பொருளால் குத்துவதற்கு ‘மெனிக்காம்’ என்பர். தமிழில் இரண்டுக்கும் ‘குத்து’ ஒன்றே. முதற்சொல்லைத் தேர்ந்தால் அது ஓராண்டுச் சிறைக்குரிய குற்றத்தை நோக்கிச் செல்லும். இரண்டாம் சொல்லைத் தேர்ந்தால் பத்தாண்டுச் சிறைக்குரிய குற்றத்தை நோக்கிச் செல்லும். அவர் எதையும் தேரவில்லை. நீதிபதியின் அனுமதி பெற்று, “எதனால் குத்தினார்?” என்று கேட்டார். சாட்சி, “கையாலதாங்க, ஆனா கையில கார் சாவி இருந்துச்சு” என்றார். அவ்விடையை அவர் அப்படியே மொழிபெயர்த்தார். கையில் இருந்த சாவி ஆயுதமா, அன்றா என்பதை முடிவு செய்வது நீதிமன்றத்தின் வேலை. அந்த முடிவுக்கு வேண்டிய செய்தி மொழிபெயர்ப்பில் நழுவிவிடாமல் காப்பதே மொழி அறிந்தவரின் வேலை.

இன்று நாம் காண இருப்பது இந்த இடைவெளியைத்தான்: நம் பேச்சு வழக்கில் ‘அடித்தான்’ என்று ஒரே சொல்லில் அடங்கிவிடும் செயல்களைச் சட்டம் எத்தனைப் படிகளாகப் பிரிக்கிறது, ஒவ்வொரு படிக்கும் என்ன தண்டனை வைத்திருக்கிறது, அப்படிகளைத் தமிழில் எவ்வாறு விளங்கிக்கொள்வது என்பன.

1. எந்தச் சட்டம்?

பிரிக்பீல்ட்ஸ் கூட்டரசுப் பிரதேசத்தில் இருக்கிறது. கிள்ளான் சிலாங்கூர் மாநிலத்தில் இருக்கிறது. இவ்விரண்டு ஊர்களிலும் நிகழும் அடிதடிக்கு வெவ்வேறு சட்டங்கள் உண்டா என்று ஒரு மாணவர் என்னைக் கேட்டார். நல்ல கேள்வி. அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலமும் தனக்கெனக் குற்றவியல் சட்டம் வைத்திருக்கிறது. தாக்குதலை முதல் தரம், இரண்டாம் தரம் என்று பல மாநிலங்கள் தரம் பிரிக்கின்றன. நம் நாட்டில் அவ்வாறில்லை. கூட்டரசு அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணைப்படி பொதுக் குற்றவியல் சட்டம் கூட்டரசின் அதிகாரத்துக்கு உட்பட்டது. எனவே பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையில் ஓங்கிய கைக்கும், கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் ஓங்கிய கைக்கும் ஒரே சட்டம்தான். அது தண்டனைச் சட்டத் தொகுப்பு, சட்டம் 574, மலாயில் ‘கானுன் கெசெக்சாஆன்’.

இச்சட்டத்தின் பிறப்பிடம் கல்கத்தா. மெக்காலே தலைமையிலான முதல் இந்தியச் சட்ட ஆணையம் 1837இல் ஒரு வரைவை அளித்தது. அது பலமுறை திருத்தப்பெற்று 1860இல் இந்தியத் தண்டனைச் சட்டமாக நிறைவேறி, 1862ஆம் ஆண்டின் முதல் நாளில் நடைமுறைக்கு வந்தது. நீரிணைக் குடியேற்றங்கள் அதனைத் தழுவி 1871இல் தமக்கொரு சட்டம் இயற்றிக்கொண்டன. பின்னர் மலாய் மாநிலங்களுக்கும் அது பரவியது. 1976இல் மலேசியா முழுமைக்கும் ஒரே தொகுப்பாயிற்று.

இவ்வரலாற்றின் தடயம் நம் நாவிலேயே இருக்கிறது. ஏமாற்றுக்காரனை ‘ஃபோர் ட்வென்டி’ என்று தமிழர் ஏசுவது வழக்கம். இந்தியச் சட்டத்தில் ஏமாற்றுதலுக்குரிய பிரிவு 420. மலேசியச் சட்டத்திலும் அதே 420தான். கொலைக்கு 302, கொலை முயற்சிக்கு 307 என்பனவும் அவ்வாறே. இந்தியாவில் 2024ஆம் ஆண்டு ஜூலை முதல் நாளில் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்தபின் அவ்வெண்கள் எல்லாம் மாறிவிட்டன. அங்கே பழங்கதையாகிவிட்ட எண்கள் இங்கே இன்றும் வழக்கில் உள்ளன. எனினும் எண்கள் ஒன்றாயிருந்தாலும் தண்டனைகள் ஒன்றல்ல. இந்தியத் திரைப்படங்களைப் பார்த்து நம் நாட்டுத் தண்டனையை எடைபோடக் கூடாது. பிரம்படி என்னும் தண்டனை இங்கே உண்டு, அங்கே இல்லை.

2. நான்கு படிகள்

தாக்குதல் குற்றங்களைச் சட்டம் நான்கு அடிப்படைக் கருத்துகளின்மேல் கட்டியிருக்கிறது. கீழிருந்து மேலாக அவற்றைக் காண்போம்.

முதற்படி, தாக்க முனைதல். 351ஆம் பிரிவு இதனை விளக்குகிறது. ஒருவர் ஒரு சைகையைக் காட்டுகிறார். அல்லது ஏதோ ஓர் ஆயத்தம் செய்கிறார். அதைக் கண்டு எதிரில் இருப்பவர், ‘இவர் இப்பொழுதே என்மேல் கைவைக்கப் போகிறார்’ என்று அஞ்சக்கூடும் என அவருக்குத் தெரிந்திருக்கிறது. அல்லது அவ்வாறு அஞ்ச வேண்டும் என்பதே அவர் நோக்கமாக இருக்கிறது. இதுவே குற்றம். உடலில் ஒரு விரல்கூடப் படவேண்டியதில்லை. தமிழில் ‘கை ஓங்குதல்’ என்கிறோமே, அதுதான் இதற்குச் சரியான சொல். சட்டத்தில் உள்ள எடுத்துக்காட்டுகளில் ஒன்று, கடிநாயின் வாய்ப்பூட்டை ஒருவர் அவிழ்க்கத் தொடங்குவது. நாய் பாயவில்லை, ஆயினும் குற்றம் நிகழ்ந்துவிட்டது.

இரண்டாம் படி, குற்ற வன்விசை. மலாயில் ‘கெகெராசான் ஜெனாயா’. ஒருவருடைய இசைவின்றி, அவருக்குத் தீங்கோ அச்சமோ எரிச்சலோ விளைக்கும் நோக்கத்துடன், அல்லது விளையும் என்று தெரிந்தே, அவர்மீது விசையைச் செலுத்துவது. பிடித்துத் தள்ளுதல், சட்டையைப் பற்றி இழுத்தல், முகத்தில் நீரை ஊற்றுதல் ஆகியவை இதில் அடங்கும். வலி உண்டாயிற்றா என்பது இங்கே கேள்வி அன்று.

மூன்றாம் படி, ஆங்கிலத்தில் ‘ஹர்ட்’, மலாயில் ‘செடெரா’ எனப்படுவது. 319ஆம் பிரிவின்படி, ஒருவருக்கு உடல்வலியையோ நோயையோ உடற்குறையையோ விளைப்பதே இது.

நான்காம் படி, ‘செடெரா பாரா’. தமிழ் நாளிதழ்கள் ‘கொடுங்காயம்’ என்று எழுதுவது. 320ஆம் பிரிவு இதனை வரையறுக்கிறது.

மூன்றாம் படிக்கு நாம் வழங்கும் தமிழ்ச்சொல்லைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ‘காயம் விளைவித்தல்’ என்றே எல்லாரும் எழுதுகிறோம். காயம் என்றதும் தமிழர் மனத்தில் எழுவது யாது? கிழிந்த தோல், கசியும் குருதி, கட்டுத்துணி. ஆனால் சட்டம் கேட்பது அதுவன்று. உடல்வலி உண்டானாலே போதும். கன்னத்தில் அறைந்தால் சில மணி நேரத்தில் சிவப்பு மறைந்துவிடும். ஆயினும் அறைந்த கணத்திலேயே அக்குற்றம் முழுமையடைந்துவிட்டது. ‘காயமே இல்லையே, எப்படிப் புகார் கொடுப்பது?’ என்று சொல்லிப் பேசாமல் இருந்துவிட்ட பெண்களை நான் அறிவேன். அவர்களைத் தடுத்தது சட்டம் அன்று; சட்டத்துக்கு நாம் இட்ட தமிழ்ப்பெயர்.

நம் மொழியில் இதனினும் பொருத்தமான பழஞ்சொல் ஒன்று உண்டு. அது ‘ஊறு’. ஐம்புல உணர்வுகளுள் தொடு உணர்வை ஊறு என்பது இலக்கிய வழக்கு. அதே சொல் தீங்கு என்னும் பொருளையும் தரும். தொடுதலில் தொடங்கித் துன்பத்தில் முடிவது என்னும் தொடர்ச்சி அச்சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. புண் இருக்க வேண்டும் என்னும் கட்டாயம் அதில் இல்லை. எனவே இக்கட்டுரையில் மூன்றாம் படியை ‘ஊறு’ என்றும், நான்காம் படியைக் ‘கொடும் ஊறு’ என்றும் வழங்குகிறேன். நாளிதழ் வழக்கை மாற்றுவது எளிதன்று என்பதை அறிவேன். ‘காயம்’ என்றே எழுதினாலும், ‘வலி மட்டும் இருந்தாலும் சட்டத்தின் கண்ணில் அது காயமே’ என்பதையாவது வகுப்பில் சொல்லிக்கொடுங்கள்.

3. கொடும் ஊறு எட்டு வகை

பேச்சு வழக்கில், பார்க்கவே பயங்கரமாக இருப்பதைக் ‘கொடுமையான அடி’ என்போம். சட்டத்தில் அவ்வாறு மனப்போக்கில் சொல்ல இடமில்லை. பின்வருவன மட்டுமே கொடும் ஊறு என்று எட்டு வகைகளை எண்ணிக் காட்டி, பட்டியலை மூடிவிடுகிறது. அவை: ஆண்மையை அழித்தல், ஒரு கண்ணின் பார்வையை நிலையாகப் போக்குதல், ஒரு காதின் கேட்கும் திறனை நிலையாகப் போக்குதல், ஓர் உறுப்பையோ மூட்டையோ இழக்கச் செய்தல், அவற்றின் ஆற்றலை அழித்தல் அல்லது நிலையாகக் குன்றச் செய்தல், தலையையோ முகத்தையோ நிலையாக உருக்குலைத்தல், எலும்பு முறிவு அல்லது எலும்பு இடம்பெயர்தல், இறுதியாக, உயிருக்கு ஆபத்து விளைக்கும் ஊறு, அல்லது சட்டம் குறித்த நாள்கள் வரை கடும் வலியில் கிடக்கவோ வழக்கமான வேலைகளைச் செய்ய இயலாதிருக்கவோ செய்யும் ஊறு.

இந்த நாள் எண்ணிக்கை மாறாதது அன்று. 1860ஆம் ஆண்டின் இந்தியச் சட்டம் இருபது நாள் என்றது. அதன் இடத்துக்கு வந்த புதிய இந்தியச் சட்டம் பதினைந்து நாள் என்கிறது. ஊறு எப்பொழுது கொடும் ஊறாகிறது என்னும் எல்லையை மனிதர்கள்தாம் வரைகிறார்கள் என்பதற்கு இது சான்று.

ஏழாவது வகையில் தமிழர் கவனிக்க வேண்டிய ஒரு நுட்பம் உண்டு. எலும்பு இடம்பெயர்ந்தால் கொடும் ஊறு; தசைநார் மட்டும் இழுபட்டால் ஊறு. முன்னதை மூட்டு விலகல் என்றும் பின்னதைச் சுளுக்கு என்றும் பிரிக்கத் தமிழால் முடியும். ஆனால் நடைமுறையில் ‘கை பிசகிடுச்சு’ என்று இரண்டுக்குமே சொல்கிறோம். ஓராண்டுச் சிறைக்கும் ஏழாண்டுச் சிறைக்கும் இடையிலுள்ள தொலைவு அந்த ஒரு சொல்லுக்குள் மறைந்து கிடக்கிறது. மருத்துவ அறிக்கை இன்றியமையாததாவது இதனால்தான். அடிபட்டவர் தாமதிக்காமல் அரசு மருத்துவமனைக்குச் சென்று சோதித்துக்கொள்வது உடல்நலத்துக்கு மட்டுமன்றி வழக்குக்கும் அடிப்படை.

4. தண்டனையின் படிநிலை

இனித் தண்டனைகளைக் காண்போம். இங்கே குறிப்பிடுவன அனைத்தும் உச்சவரம்புகள். நீதிபதி அதற்குக் குறைவாகவும் விதிக்கலாம்.

பிரிவு 352, தாக்க முனைதல் அல்லது குற்ற வன்விசை: 3 மாதச் சிறை, அல்லது 1,000 ரிங்கிட் அபராதம், அல்லது இரண்டும்.

பிரிவு 323, ஊறு விளைத்தல்: ஓராண்டுச் சிறை, அல்லது 2,000 ரிங்கிட் அபராதம், அல்லது இரண்டும்.

பிரிவு 324, ஆபத்தான ஆயுதத்தாலோ வழியாலோ ஊறு விளைத்தல்: 10 ஆண்டுச் சிறை, அபராதம், பிரம்படி ஆகியவற்றுள் ஒன்று அல்லது ஏதேனும் இரண்டு.

பிரிவு 325, கொடும் ஊறு விளைத்தல்: 7 ஆண்டுச் சிறை, அபராதமும் விதிக்கலாம்.

பிரிவு 326, ஆபத்தான ஆயுதத்தாலோ வழியாலோ கொடும் ஊறு விளைத்தல்: 20 ஆண்டுச் சிறை, அபராதமோ பிரம்படியோ சேரலாம்.

இப்பட்டியலை உற்று நோக்கினால் ஒன்று புலப்படும். ஆயுதமின்றிக் கையை முறித்தவருக்கு ஏழாண்டு. ஆயுதத்தால் சிறு கீறல் ஏற்படுத்தியவருக்குப் பத்தாண்டு. விளைவைவிடக் கருவி பெரிதாக எண்ணப்படுகிறது. ஏனெனில் கத்தியை எடுத்தவர் கீறலோடு நிறுத்துவார் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. மேலும் ‘ஆபத்தான வழி’ என்பது கத்தியையும் பாராங்கையும் மட்டும் குறிப்பதன்று. நெருப்பு, சூடேற்றிய பொருள், நஞ்சு, அமிலம், வெடிபொருள், விலங்கு ஆகியவையும் அதில் அடங்கும். கொதிக்கும் நீரை ஒருவர்மேல் வீசினால் அது 324ஆம் பிரிவை நோக்கிச் செல்லும். அடுப்படியில் நடந்தது குடும்பச் சண்டைதானே என்று எண்ணிவிடக் கூடாது.

செயல் ஒன்றாயிருந்தாலும் சூழல் மாறினால் பிரிவும் மாறும். ஒருவரைப் பலர்முன் இழிவுபடுத்தும் நோக்கத்துடன் தாக்கினால் அது 355ஆம் பிரிவு. ஈராண்டுச் சிறை வரை உண்டு. செருப்பை எடுத்து ஓங்குவதன் பொருள் நம்மவர்க்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அரசு ஊழியர் ஒருவரை அவருடைய கடமையைச் செய்யவிடாமல் தடுக்கத் தாக்கினால் அது 353ஆம் பிரிவு. அதற்கும் ஈராண்டுச் சிறை வரை உண்டு. ஒருவருடைய மானத்துக்குப் பங்கம் விளைக்கும் நோக்கத்துடன் வன்விசை செலுத்தினால் அது 354ஆம் பிரிவு. பத்தாண்டுச் சிறை, அபராதம், பிரம்படி ஆகியவற்றுள் ஏதேனும் இரண்டு வரை விதிக்கலாம். திடீரென எழுந்த கடும் சினமூட்டலால் ஊறு விளைத்திருந்தால் சட்டம் தண்டனையைக் குறைக்கிறது. தற்காப்பு உரிமையையும் அது ஏற்கிறது. ஆனால் தற்காப்புக்குத் தேவையானதற்கு மேற்பட்ட தீங்கை அவ்வுரிமை காக்காது.

வாழ்க்கைத் துணைக்கு ஊறு விளைத்தால் 326ஏ பிரிவு சேர்கிறது. அதன்படி அந்தந்தக் குற்றத்துக்குரிய உச்சச் சிறைக்காலம் இருமடங்காகிறது. 323க்கு ஓராண்டு என்றால் மனைவியையோ கணவனையோ தாக்கியவருக்கு ஈராண்டு வரை. ‘கட்டினவன்தானே அடித்தான்’ என்னும் ஊர்ப்பேச்சுக்கு நேர்மாறான திசையில் சட்டம் நிற்கிறது. நெருங்கியவர் என்பதால் குற்றம் சிறிதாவதில்லை. நம்பிக்கையை உடைத்தது என்பதால் பெரிதாகிறது. 1994ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் இவற்றுடன் சேர்ந்து இயங்குகிறது. பாதுகாப்பு ஆணைகள் அதன்வழியே கிடைக்கின்றன.

இவற்றுள் பலவற்றுக்கும் பொதுவாக நிற்கும் சொல் ஒன்று உண்டு. மலாயில் அது ‘டெங்ஙான் செங்ஙாஜா’. தமிழில் ‘வேண்டுமென்றே’ என்று மொழிபெயர்க்கிறோம். அது பாதிப்பொருளே. 39ஆம் பிரிவின்படி, விளைவை விரும்பிச் செய்வது மட்டுமன்றி, அவ்விளைவு வரக்கூடும் என்று தெரிந்தோ, தெரிந்திருக்கக் காரணம் இருந்தோ செய்வதும் அதனுள் அடங்கும். ‘அவனுக்கு அடிபட வேண்டும் என்று நான் கல்லை எறியவில்லை, கூட்டத்தில்தான் எறிந்தேன்’ என்பது விடையாகாது. ‘வேண்டுமென்றே அல்லது தெரிந்தே’ என்று விரித்துச் சொன்னால்தான் பொருள் நிறைவுபெறும்.

5. தமிழ் வினைச்சொற்கள் மறைப்பவை

‘அடி’ என்பது தமிழில் மிகுதியாக உழைக்கும் சொற்களுள் ஒன்று. வெயில் அடிக்கிறது, காற்று அடிக்கிறது, மணி அடிக்கிறது, வண்ணம் அடிக்கிறோம், அரட்டை அடிக்கிறோம். ஒருவரை அடிக்கும்போதும் அது தட்டலா, அறையா, உயிர்போகும் அடியா என்பதை அச்சொல் தானாகச் சொல்வதில்லை. ‘பின்னி எடுத்துட்டான்’, ‘வெளுத்து வாங்கிட்டான்’ என்பன உணர்ச்சியின் அளவைக் காட்டும். ஊறின் அளவைக் காட்டா.

கையை வைத்து அமைந்த மரபுத்தொடர்கள் இன்னும் நுட்பமானவை. ‘கை ஓங்கினான்’ என்றால் அடி விழவில்லை. 352 வரை செல்லலாம். ‘கை நீட்டினான்’ என்றால் சொல்லளவில் கையை நீட்டியது மட்டுமே. வழக்கில் அடித்துவிட்டான் என்று பொருள். 323 வரை செல்லலாம். ‘கை வைத்தான்’ என்பது அடித்தான் என்றும் பொருள்படும், பெண்ணொருத்தி கூறும்போது தகாத முறையில் தொட்டான் என்றும் பொருள்படும், அது 354. மூன்று தொடர்கள், மூன்று பிரிவுகள். சொல்பவருக்கு ஐயமில்லை. கேட்டு எழுதுபவருக்குத்தான் ஐயம்; அவர் தமிழறியாதவராயிருந்தால் ஐயம்கூட எழாது.

எல்லாவற்றினும் என்னை வருத்துவது தன்வினை, பிறவினை வேறுபாடு. இதனை இலக்கணப் பாடத்தில் நாம் மனப்பாடப் பகுதியாகக் கற்பிக்கிறோம். ‘கை உடைந்தது’ தன்வினை. ‘கையை உடைத்தான்’ பிறவினை. சட்டம் ‘விளைத்தவர்’ யார் என்று கேட்கிறது. அஃதாவது, பிறவினையைக் கேட்கிறது. ஆனால் வீட்டுக்குள் அடிபட்டவர்கள் பெரும்பாலும் தன்வினையிலேயே பேசுகிறார்கள். ‘கை பட்டுடுச்சு’, ‘விழுந்துட்டேன்’, ‘சுவத்துல மோதிடுச்சு’. அச்சமும் வெட்கமும் பிள்ளைகளைப் பற்றிய கவலையும் சேர்ந்து எழுவாயை அழித்துவிடுகின்றன. செய்தவர் இல்லாத வாக்கியத்திலிருந்து எந்த வழக்கும் பிறக்காது. வகுப்பில் ஒரு மாணவி, “எங்கே அடிபட்டது?” என்னும் கேள்விக்கு “பட்டுடுச்சு டீச்சர்” என்று விடை சொன்னால், அந்த வினைமுற்றை ஆசிரியர் சற்று நின்று கேட்க வேண்டும்.

6. சொல் தாக்குதலாகுமா?

351ஆம் பிரிவின் விளக்கவுரை மொழியியலார்க்கு விருந்து. வெறும் சொற்கள் தாக்க முனைதல் ஆகா என்கிறது. ஆனால் ஒருவருடைய சைகைக்கு அவருடைய சொற்கள் தாக்குதலுக்குரிய பொருளைத் தரக்கூடும் என்றும் கூறுகிறது. கையில் தடியை எடுப்பது தனக்குத்தானே ஒன்றுமில்லை. ‘உன்னை அடிக்கப் போகிறேன்’ என்று சொல்லிக்கொண்டே எடுத்தால் அது குற்றம்.

சொல் மறுதிசையிலும் வேலை செய்யும். 1669இல் இங்கிலாந்தில் தீர்க்கப்பட்ட டுபர்வில் எதிர் சாவேஜ் என்னும் வழக்கில், ஒருவர் வாளின் கைப்பிடியில் கையை வைத்துக்கொண்டு, நீதிபதிகள் ஊருக்கு வந்திருக்கும் காலமாக இல்லாதிருந்தால் இத்தகைய பேச்சைப் பொறுத்திருக்கமாட்டேன் என்ற பொருளில் பேசினார். நீதிபதிகள் வந்திருந்த காலம் அது. எனவே ‘இப்பொழுது உன்னைத் தாக்கப்போவதில்லை’ என்பதே அதன் பொருள் என்று முடிவாயிற்று. ஒரு நிபந்தனைத் தொடர் ஒருவரைக் குற்றத்திலிருந்து விடுவித்தது. நம் தெருக்களில் அன்றாடம் கேட்கும் ‘உங்கப்பா முகத்துக்காகப் பார்க்கிறேன், இல்லேன்னா நடக்கிறதே வேற’ என்பதும் இவ்வகைத் தொடரே. ஆனால் இதனைச் சொல்லித் தப்பிக்கலாம் என்று மாணவர்கள் எண்ண வேண்டா. அச்சுறுத்தலுக்கென்று தனியே 503, 506 ஆகிய பிரிவுகள் உள்ளன. கொலை மிரட்டலுக்கு ஏழாண்டுச் சிறை வரை உண்டு.

அண்மையில் சட்டம் இன்னும் ஒரு படி முன்னேறியிருக்கிறது. 2024ஆம் ஆண்டு ஜூலையில் நம் சமூகத்து இளம்பெண் ஒருவர், சமூக வலைத்தளத்தில் தம்மீது பொழியப்பட்ட வசைச்சொற்களைத் தாங்காமல் உயிரை மாய்த்துக்கொண்டார். அதனையொட்டிச் சிறு குற்றங்கள் சட்டத்தின்கீழ் ஒருவருக்கு விதிக்கப்பட்ட தண்டனை 100 ரிங்கிட் அபராதம். அச்சட்டம் 1955ஆம் ஆண்டுக்குரியது. அந்த 100 ரிங்கிட் நாடெங்கும் அதிர்ச்சியை உண்டாக்கியது. பின்னர்த் தண்டனைச் சட்டத்தில் 507பி முதல் 507ஜி வரையிலான புதிய பிரிவுகள் சேர்க்கப்பட்டு, 2025ஆம் ஆண்டு ஜூலை 11ஆம் நாள் நடைமுறைக்கு வந்தன. மிரட்டும், ஏசும், இழிவுபடுத்தும் சொற்களால் ஒருவருக்கு மன உளைச்சலோ அச்சமோ விளைப்பவருக்கு மூன்றாண்டுச் சிறை வரை விதிக்க 507பி இடம் தருகிறது. தூண்டுதலால் ஒருவர் தற்கொலைக்கு முயன்றாலோ இறந்தாலோ பத்தாண்டு வரை விதிக்க இன்னொரு பிரிவு இடம் தருகிறது.

நாவினால் பட்ட புண் ஆறாது என்னும் கருத்தை ‘அடக்கமுடைமை’ அதிகாரத்தில் கற்ற சமூகம் நாம். கல்கத்தாவில் எழுதப்பட்ட சட்டம் உடல்வலியை மட்டுமே ஊறு என்றது. அது உள்ளத்தின் ஊறையும் அளக்கத் தொடங்குவதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று; அதற்கும் ஓர் உயிர் போகவேண்டியிருந்தது.

7. ஆசிரியர்களும் மாணவர்களும் அறிய வேண்டியவை

காவல் நிலையத்தில் புகார் அளிக்கும்போது வாய்மொழியாகச் சொன்னதை எழுதிப் படித்துக் காட்ட வேண்டும் என்பது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் விதி. அவ்வறிக்கை பெரும்பாலும் மலாயில் அமையும். கையொப்பமிடுமுன், ‘குத்தினான்’ என்று நீங்கள் சொன்னது எந்தச் சொல்லாக எழுதப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். எதனால், எந்த இடத்தில், எத்தனை முறை, அடித்தவர் யார் என்பனவற்றைத் தெளிவாகச் சொல்லுங்கள். எந்தப் பிரிவில் குற்றம் சாட்டுவது என்பதைப் புகார் கொடுத்தவரோ காவல் அதிகாரியோ முடிவு செய்வதில்லை. அது அரசு வழக்கறிஞரின் அதிகாரம். ஆனால் அவர் முடிவு செய்ய வேண்டிய செய்திகள் உங்கள் வாக்கியங்களிலிருந்தே கிடைக்கின்றன.

323ஆம் பிரிவுக் குற்றத்தில் காவல் துறையினர் பொதுவாக ஆணையின்றிக் கைது செய்ய இயலாது. புலனாய்வுக்கும் அரசு வழக்கறிஞரின் உத்தரவு வேண்டும். 324, 325, 326 ஆகியவற்றில் அத்தடை இல்லை. ‘புகார் கொடுத்தும் ஒன்றும் நடக்கவில்லை’ என்னும் குறைக்குப் பல வேளைகளில் இதுவே காரணம். பத்தாண்டுச் சிறைக்கு மேற்படாத குற்றங்களை மாஜிஸ்திரேட் நீதிமன்றம் விசாரிக்கலாம். இருபதாண்டுக்குரிய 326 செஷன்ஸ் நீதிமன்றத்துக்குச் செல்லும்.

மாணவர்கள் வயதை அறிந்துகொள்ள வேண்டும். பத்து வயதுக்குட்பட்ட குழந்தையின் செயல் குற்றமாகாது. பத்துக்கும் பன்னிரண்டுக்கும் இடைப்பட்டவர்க்குத் தம் செயலின் தன்மையை உணரும் முதிர்ச்சி இருந்ததா என்று பார்க்கப்படும். அதன்பின் சட்டம் உங்களைப் பொறுப்பாளியாகவே நோக்குகிறது. பதினெட்டு வயதுக்குட்பட்டவரின் வழக்கைச் சிறார் நீதிமன்றம் விசாரிக்கிறது என்பதால் குற்றம் குற்றமில்லாமல் ஆகிவிடாது. பள்ளி முடிந்தபின் நண்பர்கள் சேர்ந்து ஒருவனைச் சூழ்ந்து நின்று அடிப்பது ‘பசங்க சண்டை’ அன்று. மூக்கெலும்பு முறிந்தால் அது கொடும் ஊறு.

ஆசிரியர்களும் பெற்றோரும் தம் கையைக் கவனிக்க வேண்டும். பிள்ளையின் நன்மைக்காக நல்லெண்ணத்துடன் செய்யப்படும் செயலுக்குச் சட்டம் ஓரளவு காப்பளிக்கிறது. ‘கண்டித்தேன்’ என்னும் சொல் அதற்கு அப்பால் செல்லாது. பொறுப்பிலுள்ள பிள்ளையைத் துன்புறுத்தியவருக்கு 2001ஆம் ஆண்டின் சிறார் சட்டம் 50,000 ரிங்கிட் வரை அபராதமோ, இருபதாண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடம் தருகிறது.

இங்கு நான் கூறியவை பொது விளக்கமே. தனிப்பட்ட வழக்கு என்று வந்தால் வழக்கறிஞரையோ, வசதி குறைந்தவர்கள் தேசிய சட்ட உதவி அறவாரியத்தையோ நாட வேண்டும்.

முடிவாக ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை தன்வினை, பிறவினைப் பாடம் நடத்தும்போது, ‘பந்து உருண்டது, பந்தை உருட்டினான்’ என்னும் பழைய எடுத்துக்காட்டோடு நிறுத்திவிடாமல், ‘எனக்கு அடிபட்டது, அவர் என்னை அடித்தார்’ என்னும் இரண்டு வாக்கியங்களையும் கரும்பலகையில் எழுதுங்கள். இரண்டாம் வாக்கியத்தைச் சொல்ல ஒருவருக்கு எவ்வளவு துணிவு வேண்டும் என்பதை மாணவர்களோடு பேசுங்கள். அவ்வாக்கியத்தை என்றோ ஒருநாள் காவல் நிலையத்தில் சொல்ல வேண்டிய பிள்ளை அவ்வகுப்பிலேயே அமர்ந்திருக்கலாம்.